பொட்டு வைக்காத மேஜை

யாருடைய வண்டியில் ஏறினாலும் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மற்றவர்கள் சீட் பெல்ட்டைத் தேடிக்கொண்டிருக்கும்போது நான் முன்னால் இருக்கும் குளோவ் பாக்ஸை இரண்டு பக்கமும் அமுக்கிக் கீழே இறக்கி, அதன் பின்னால் இருப்பதை வெளியே இழுத்துப் பார்ப்பேன். இதற்குப் பயந்தே சொந்தக்காரர்கள் என்னைப் பின் சீட்டில் உட்கார வைக்கிறார்கள். மாங்காட்டில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனபோது மாப்பிள்ளை வீட்டுக் காரிலிருந்து ஒரு கைப்பிடி வேப்பஞ்சருகும் செத்துக் காய்ந்த ஒரு பல்லியும் எடுத்து வெளியே போட்டேன். அம்மா அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். அந்தப் பல்லி வழியாக வரும் காற்றைத்தானே கல்யாணப் பெண் மூச்சாக இழுக்கப் போகிறாள்?

என் பிழைப்பே அதுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில், வண்டிக்குள் வரும் காற்றைச் சலிக்கும் ஃபில்டர்களை வடிவமைக்கிறேன். ஃபில்டர் என்றதும் "காபிக்கா?" என்று கேட்காத ஒரு சித்தப்பாகூட எனக்கு வாய்க்கவில்லை. முன்பெல்லாம் சிரித்து வைப்பேன். இப்போது விளக்கிச் சொல்லிவிடுகிறேன். ஏசி போட்டாலும் வெறும் ஃபேன் போட்டாலும், ரோட்டுக் காற்று உங்கள் முகத்தில் படுவதற்கு முன் மடிப்பு மடிப்பான ஒரு அட்டையைத் தாண்டி வர வேண்டும். பார்க்கத் துணி மாதிரி இருக்கும், தொட்டால் காகிதம் மாதிரி இருக்கும். தூசி அதில் தங்கிவிடும். அது நிறைந்ததும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டும். பூந்தமல்லி ரோட்டில் மெட்ரோ வேலை நடந்த வருஷங்களில் பைக்கில் போனவர்களைக் கேட்டால் இதன் அருமை தெரியும்.

டிப்ளமோ முடித்து நான் இங்கே சேர்ந்தபோது எங்கள் கம்பெனியில் யாரும் எதையும் வடிவமைத்ததில்லை. எல்லாம் காப்பிதான். உதிரி பாகக் கடைக்காரர் ஏதாவது வண்டியிலிருந்து கழற்றிய பழைய ஃபில்டரைக் கொண்டுவந்து கொடுப்பார். அதை வெர்னியர் வைத்து அளந்து, மடிப்புகளை எண்ணி, அதே போலச் செய்து கொடுப்போம். "அச்சு அசலா இருக்கும்" என்பதுதான் எங்கள் முதலாளியின் பெருமை. ஒருமுறை வந்த பழைய ஃபில்டரின் ஒரு ஓரம் உள்வாங்கியிருந்தது. கழற்றும்போது யாரோ ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியதில் வந்த வளைவு அது. நாங்கள் அந்த வளைவுக்கும் ஒரு அச்சு வெட்டி, ஒரு லோடு முழுக்க வளைந்த ஓரத்தோடு செய்து அனுப்பினோம். ஒரு கடைக்காரரும் குறை சொல்லவில்லை. எனக்கு வளைவைவிட அதுதான் எரிச்சலாக இருந்தது.

அப்போது நான் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். செய்து முடித்த ஃபில்டரைப் பழைய ஃபில்டரோடு ஒப்பிட்டுப் பார்த்து ஓகே போடும் வேலை. அந்த வளைந்த லோடுக்கும் நான்தான் ஓகே போட்டேன். அன்றைக்கு வந்த கோபத்தில் முதலாளியிடம் போய், எனக்கு ஒரு மேஜையும் ஒரு கம்ப்யூட்டரும் கொடுங்கள், நாமே வரைந்து செய்யலாம் என்று கேட்டேன். அவர் அறுபதைத் தாண்டியவர். பழைய மடிப்பு மெஷின் ஒன்றை வைத்துத் தொடங்கி, இந்தக் கொட்டகையைக் கட்டியவர். முடியாது என்று சொல்லத் தெரியாததால் சரி என்றார். லோடு ஏற்றும் கதவுக்குப் பக்கத்தில், எல்லோரும் டிபன் கேரியர் வைக்கும் மேஜை எனக்கு வந்தது. மத்தியானம் ஆனால் என் கீபோர்டுக்குப் பக்கத்தில் புளியோதரை வாசனை அடிக்கும்.

சில மாதம் அந்த மேஜையில் சும்மாதான் இருந்தேன். பிறகு வேன் செய்யும் ஒரு கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. புது மாடல் வரப்போகிறது. காற்றுப் பெட்டி பழைய மாடலில் உள்ளதேதான். அதற்குள் உட்காரும் ஃபில்டர் மட்டும் புதிதாக வேண்டும், அதுவும் டிரைவரே மாற்றிக்கொள்கிற மாதிரி வேண்டும். பார்த்துச் செய்யப் பழைய பீஸ் எதுவும் தர மாட்டார்கள், நாமே வரைந்து, சாம்பிள் செய்து அனுப்ப வேண்டும். முதலாளி அந்தக் கடிதத்தை இரண்டு நாள் தன் மேஜை மேல் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தார். மூன்றாம் நாள் நானே போய் நிமிர்த்தி வைத்தேன்.

"ஒரே ஒரு தடவை பார்ப்போம்மா," என்றார். "சாம்பிள் பாஸ் ஆச்சுன்னா இனிமே நம்ம சொந்த டிசைன். ஆகலைன்னா அந்த மேஜையை எடுத்துட்டு அங்க பேக்கிங் மேஜை போட்டுடுவேன். நீ பழையபடி இன்ஸ்பெக்‌ஷன் பாரு."

வாழ்நாள் முழுக்க அடுத்தவன் வளைவை அளந்துகொண்டிரு என்று எனக்குக் காதில் விழுந்தது. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் ஆட்களைக் கள்ளிக்குப்பத்திலிருந்து ஏற்றிவரும் ஸ்டாஃப் வேன் அதே கம்பெனியின் பழைய மாடல். அதன் டிரைவரிடம் கடைசியாக எப்போது ஃபில்டர் மாற்றினீர்கள் என்று கேட்டேன். இந்த வண்டியில் ஃபில்டர் வேறு இருக்கிறதா என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். ஐந்து வருஷமாக அந்த வண்டியை ஓட்டுகிறவர். இரண்டு பேரும் சேர்ந்து கழற்றினோம். நான்கு ஸ்க்ரூ. அதில் ஒன்று அடியில் இருந்தது. அதற்காக அவர் வண்டித் தரையில் மல்லாந்து படுத்து, காலைக் கதவுக்கு வெளியே நீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. உள்ளே இருந்ததை ஃபில்டர் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி, அதன் மேல் எலி கடித்த பிஸ்கட் கவர்.

டிரைவர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். "நாலு ஸ்க்ரூ மேடம். அதுல ஒண்ண படுத்துக்கினு கயட்டணும். ரெண்டு ட்ரிப்புக்கு நடுவுல எவன் இத்த பண்ணிக்கினு இருப்பான்?"

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மாற்றச் சொல்லிப் புத்தகத்தில் அச்சடித்துவிட்டு, கை போகாத இடத்தில் கொண்டுபோய் வைத்தால் யார் மாற்றுவார்கள்? குளோவ் பாக்ஸை இறக்கினால் பின்னால் ஒரு குறுகலான வாய் இருக்கிறது. ஃபில்டர் விறைப்பாக இருப்பதால் அந்த வாய் வழியாக நுழையவில்லை, அதனால்தான் காற்றுப் பெட்டியின் ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டியிருக்கிறது. ஃபில்டர் கொஞ்சம் வளைந்து கொடுத்தால், உறைக்குள் தலையணையை நுழைப்பது போல நுழைத்துவிடலாம். அன்றைக்குச் சாயந்திரமே என் மேஜையில் முதல் கோடு போட்டேன். டிபன் கேரியர்களை எடுத்துத் தரையில் வைத்தேன். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு அவரவர் கேரியரை அவரவர் எடுத்துக்கொண்டு போனார்கள்.

சொல்வது எளிது. வளைய வேண்டும், உள்ளே போனதும் நிமிர வேண்டும், காற்று வேகமாக அடித்தால் தொய்யக் கூடாது. பிளாஸ்டிக் சட்டத்தை எடுத்துவிட்டு ஓரத்தில் கம்பளி மாதிரிக் கெட்டியான ஃபெல்ட் பட்டை ஒட்டினேன். முதலில் செய்தது வளைந்தது, நிமிரவில்லை. அடுத்தது நிமிர்ந்தது, காற்றில் வயிறு தள்ளியது. மூன்றாவதை டிரைவர் தலைகீழாகப் போட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்தார். அவர் மேல் தப்பில்லை. காற்றுப் போகும் திசைக்கு நான் போட்டிருந்த அம்புக்குறி இருட்டில் எப்படித் தெரியும்? அடுத்ததில் ஒரு மூலையைச் சாய்வாக வெட்டினேன். தலைகீழாகப் போட்டால் அந்த வாயின் மூடி மூடாது.

மடிப்பு மெஷினை ஓட்டுபவர் கள்ளிக்குப்பத்து அக்கா. எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். என் வரைபடத்தில் ப்ளீட் என்று எழுதியிருப்பதை அவர் கொசுவம் என்றுதான் சொல்வார். மடிப்பு அதிகமானால் துணியின் பரப்பு அதிகமாகும், தூசி நிறைய தங்கும் என்று கணக்குப் போட்டு, இருந்த இடத்தில் இன்னும் எட்டு மடிப்பு வைக்கச் சொன்னேன். அவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா, துணி கீதுன்னு இடுப்பு பூரா கொசுவம் வெச்சுக்கினா நடக்க முடியுமா? காத்துக்கும் நடக்க எடம் வேணாமா?"

கணக்கு எனக்குத் தெரியும், நீங்கள் மடித்துக் கொடுங்கள் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். மடித்துக் கொடுத்தார். நாங்களே செய்த சோதனைப் பெட்டி ஒன்று உண்டு. ஒரு முனையில் ஃபேன், நடுவில் ஃபில்டர், பக்கத்தில் தண்ணீர் நிரப்பிய வளைந்த குழாய். காற்று திணறினால் குழாயில் தண்ணீர் ஏறிக் காட்டிக்கொடுக்கும். அன்றைக்குத் தண்ணீர் ஏறியதைப் பார்த்து எனக்கே மூச்சு முட்டியது. மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன, நடுவில் காற்றுக்கு வழியே இல்லை. மறுநாள் எட்டில் ஐந்தை எடுத்துவிட்டு, அக்காவுக்கு இரண்டு வாழைக்காய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். மன்னிப்பு கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. அவருக்கும் அது தெரியும்.

கடைசியில் வந்தது ஒரு நல்ல ஃபில்டர். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. இரண்டு அடுக்குத் துணி, நடுவில் கரித்தூள். மேல் அடுக்கின் இழைகளில் ஏற்றியிருக்கும் மின்னூட்டம் நுண்ணிய தூசியை இழுத்துப் பிடிக்கும். கரித்தூள் நாற்றத்தைப் பிடிக்கும். லாரிப் புகை, சாக்கடை, குப்பை எரிக்கும் வாடை எதுவும் உள்ளே வராது. தூசியை எண்ணும் கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்து, கதவைத் திறந்து வைத்து, ரோட்டுக் காற்றையே பெட்டிக்குள் இழுத்து எண்ணிப் பார்த்தேன். அம்பத்தூர் காற்றைவிடக் கடுமையான பரீட்சை எங்கே கிடைக்கும்? வேன் கம்பெனி கேட்டதைவிடக் கூடுதலாகவே பிடித்தது. பதினெட்டு சாம்பிள் செய்து, ஒவ்வொன்றையும் கெட்டிக் கவரில் போட்டு, சூடு வைத்து ஒட்டினேன். பன்னிரண்டு அனுப்புவதற்கு, ஆறு என் டிராயரில். ஒருவரும் கவரைப் பிரிக்கக் கூடாது, தொடக்கூடக் கூடாது என்று ஒரு வாரமாக எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தேன்.

அனுப்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள் ஆயுத பூஜை வந்தது.

பூஜை எங்கள் கம்பெனியில் பெரிதாக நடக்கும். எல்லா மெஷினையும் துடைத்து, சாமந்தி மாலை போட்டு, வாசலில் வாழைக்கன்று கட்டி, வேன் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைப்போம். அக்கா சந்தனமும் குங்குமமும் வைத்த தட்டோடு சுற்றி வருவார். அன்றைக்கும் வந்தார். மடிப்பு மெஷினுக்குப் பொட்டு. கட்டிங் மெஷினுக்கு, பசை கன்னுக்கு, கம்ப்ரஸருக்கு, எடை மெஷினுக்குப் பொட்டு. தீயணைக்கும் மணல் வாளிக்குக்கூட வைத்தார். என் மேஜையைத் தாண்டிப் போய்விட்டார்.

வேண்டுமென்று செய்யவில்லை. அந்த மேஜையில் என்ன இருக்கிறது, ஒரு கம்ப்யூட்டர், ஒரு வெர்னியர், நாலு பென்சில். ஓடுகிற மெஷின் ஒன்றும் இல்லையே. டிபன் கேரியர் மேஜைக்கு யார் பொட்டு வைப்பார்கள்? வாயைத் திறந்து கேட்டிருந்தால் உடனே வைத்திருப்பார். கேட்க எனக்கு ரோஷம். மணல் வாளிக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை என்பது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

சாம்பிளையும் சாமி முன்னால் வை, கவரோடு வை என்று முதலாளி சொல்லியிருந்தார். நான் பன்னிரண்டையும் கொண்டுபோனேன். மடிப்பு மெஷின் மேல் வரிசையாக நிறுத்தினேன். கவரோடு பார்த்தால் ஏதோ பிளாஸ்டிக் பொட்டலங்கள் மாதிரி இருந்தன. மடிப்பு தெரியவில்லை, நான் வெட்டிய மூலை தெரியவில்லை. எல்லோரும் பார்க்கட்டும் என்று, ஒரு வாரமாக ஊரையே விரட்டிய நான், என் கையாலேயே பன்னிரண்டு கவரையும் பிரித்தேன். வெள்ளை வெளேரென்று மடிப்பு மடிப்பாக நின்றன. அக்கா ஒவ்வொன்றின் ஃபெல்ட் ஓரத்திலும் சின்னதாக ஒரு பொட்டு வைத்தார். முதலாளி தூபக்காலில் சாம்பிராணியை அள்ளிப் போட்டார். கொட்டகை முழுக்கப் புகை. நான் அதில் நின்று இருமிக்கொண்டே பூரித்துப்போனேன். பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு, சாமிக்கு வைத்ததை அன்றைக்கு எடுக்கக் கூடாது என்பதால் அப்படியே விட்டு, ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் வந்து பொட்டைத் துடைத்து, திரும்பவும் கவரில் போட்டு ஒட்டி அனுப்பினேன். கொட்டகையே சாம்பிராணி மணத்தது, அதில் ஃபில்டரின் மணம் தனியாகத் தெரியவில்லை.

இரண்டு வாரத்தில் பன்னிரண்டும் திரும்பி வந்தன. பாஸ் ஆகவில்லை. வேன் கம்பெனியின் தரச் சோதனை அதிகாரி முதலாளியிடம் போனில் பேசியிருக்கிறார். தூசி பிடிப்பது நாங்கள் எழுதிக் கொடுத்த அளவில் இல்லையாம். அதோடு, ஃபேனைப் போட்டதும் வேனுக்குள் கோயில் வாசனை அடித்ததாம். அங்கே இருந்தவர்கள் சிரித்தார்களாம். முதலாளி இதை என்னிடம் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்தார்.

பெட்டியைத் திறந்து ஒரு கவரைக் கிழித்து மூக்கருகே கொண்டுபோனேன். அவ்வளவுதான். சாம்பிராணி குப்பென்று அடித்தது. வாசனையைப் பிடிக்கத்தான் கரித்தூளை வைத்தேன். அது ஒரு நாள் முழுக்கச் சாம்பிராணியைக் குடித்துவிட்டு வயிறு நிரம்பி உட்கார்ந்திருக்கிறது. புகையில் இருக்கும் பிசுக்கு இழைகளில் படிந்தால் மின்னூட்டமும் போய்விடும். இந்தப் பாடத்தை நான்தான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவள். நானே அதை மறந்திருக்கிறேன்.

முதலாளிக்கு இது தெரியாது. துணி ரோல் அனுப்பிய மில் ஏமாற்றிவிட்டது என்று அவர் தீர்மானித்துவிட்டார். ரோல் சரியில்லை என்று மில்லுக்கும் வேன் கம்பெனிக்கும் ஆளுக்கொரு கடிதம் போடு என்றார். மரியாதையாக ஒதுங்கிக்கொள்ளலாம், டிசைன் வேலையை இதோடு விட்டுவிடலாம் என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். கடிதத்தின் முதல் வரியை அடிக்கவும் செய்தேன். மத்தியானம் வரைக்கும் அந்த ஒரு வரிதான் திரையில் இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் பொட்டு வெச்சேனே, அத்தாலயாம்மா கெட்டுப்பூட்ச்சு? பெரியவர்கிட்ட நானே சொல்லிடறேன். என்னால உன் மேஜ போவ வேணாம்."

இவர் செய்யாத தப்பை இவர் ஏற்றுக்கொள்ளப் போகிறார், நான் செய்த தப்பை ஒரு மில் தலையில் கட்டப் போகிறேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக வந்தது. அடித்த வரியை அழித்துவிட்டு நேராக முதலாளி அறைக்குப் போனேன்.

"ரோல் நல்ல ரோல் சார். பூஜையில கவரைப் பிரிச்சது நான்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஏன் என்று கேட்டார். பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது, தெம்பு இல்லை.

"என் மேஜைக்கு யாரும் பொட்டு வைக்கலை சார். அதனால."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கிறது என்று எனக்கே கேட்டது. திட்டுவார் என்று நின்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், மறுபடியும் துடைத்தார். கடைசியில், சாமிக்கு வைத்ததால் கெட்டுப்போனது என்று வெளியே எப்படிச் சொல்வது, மானம் போய்விடுமே என்றார். சாமியால் இல்லை சார், புகையால் என்றேன். மானம் போனால் என்னுடையது போகட்டும், நானே பேசுகிறேன் என்றேன். அவர் முன்னாலேயே அந்த அதிகாரிக்குப் போன் போட்டு நடந்ததை நடந்தபடி சொன்னேன். டிராயரில் பிரிக்காத ஆறு இருக்கிறது, ஒரு தடவை நேரில் வந்து பாருங்கள் என்று கேட்டேன்.

அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு அவர் சொன்னார், "எங்க டெஸ்ட் மெஷினுக்கும் பொட்டு வெச்சிருக்கோம் மேடம். ஆனா நாங்க கவரைப் பிரிக்கலை." வியாழக்கிழமை வருவதாகச் சொன்னார்.

வியாழக்கிழமை வந்தார். மெலிந்த மனிதர், சிரிப்பதைத் தவிர்ப்பவர். டீ வேண்டாம் என்றார். என் டிராயரிலிருந்த ஆறில் ஒன்றைத் தானே எடுத்து, தானே கவரைக் கிழித்து, சோதனைப் பெட்டியில் வைக்கச் சொன்னார். தூசி எண்ணும் கருவியையும் அவரே கொண்டுவந்திருந்தார். கதவைத் திறந்து வைத்தேன். ரோட்டுக் காற்று உள்ளே போனது. கருவியில் எண் நின்றதும் அவர் குறித்துக்கொண்டார், மறுபடியும் எண்ணினார், மறுபடியும் குறித்துக்கொண்டார். பிடித்தது. நான் எழுதிக் கொடுத்த அளவுக்கு மேலேயே பிடித்தது. முதலாளி என் பின்னால் நின்றுகொண்டிருந்தார், அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

பிறகு கப் சாம்பிராணி ஒன்றைக் கொளுத்திப் பெட்டியின் வாயில் வைத்தேன். புகை சுருண்டு உள்ளே போனது. அந்தப் பக்கம் நாங்கள் எல்லோரும் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றோம். ஒன்றும் வரவில்லை. அக்காதான் முதலில் சொன்னார், "பொகை உள்ள போவுது, வாசன வரலையே." அந்த நிமிஷம் எனக்கு உண்டான பெருமையை எப்படிச் சொல்வது? வேனுக்குள் கோயில் வாசனை அடித்ததே, அது என் ஃபில்டர் வேலை செய்யாததால் அல்ல. வேலை செய்ததால். வண்டியில் ஏறுவதற்கு முன்பே நான் அதற்கு ஒரு நாள் முழுக்க வேலை கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது கப், மூன்றாவது கப். அதன் பிறகுதான் லேசாக மணம் கசிந்தது. மறுபடி எண்ணியபோது தூசி பிடிப்பதும் குறைந்திருந்தது, கிட்டத்தட்ட அவர்கள் முதலில் பார்த்த அளவுக்கே. அதிகாரி இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அடிக்கோடு போட்டார்.

மாற்றுவது எப்படி என்று கேட்டார். நான் டிரைவரைக் கூப்பிட்டேன். அதிகாரி தன் போனில் நேரம் வைத்தார். டிரைவர் ஸ்க்ரூ டிரைவர் எதையும் தொடவில்லை. குளோவ் பாக்ஸை அமுக்கி இறக்கினார், முன்பு போட்டுப் பார்த்திருந்த என் ஃபில்டரை, அதன் ஓரத்தில் நான் தைத்திருந்த நாடாவைப் பிடித்து இழுத்தார், புதியதை வளைத்து நுழைத்தார், அது உள்ளே போய் நிமிர்ந்துகொண்ட சத்தம் டப் என்று கேட்டது. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். அதிகாரி போனைப் பார்த்தார், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு அவரே உட்கார்ந்து, வேண்டுமென்றே தலைகீழாக நுழைத்துப் பார்த்தார். மூடி மூடவில்லை. இன்னொரு விதமாக நுழைத்துப் பார்த்தார். மூடவில்லை. வெட்டிய மூலையை விரலால் தடவிப் பார்த்தார்.

"புது சாம்பிள் பன்னிரண்டு அனுப்புங்க மேடம்," என்றார். "கவரோட."

அப்போதும் அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை. ஆனால் டீ குடித்துவிட்டுப் போனார்.

அனுப்பினோம். பாஸ் ஆயிற்று. அந்தக் கடிதத்தை முதலாளி தன் அறையில் படிக்கவில்லை. என் மேஜைக்கு வந்து, நின்றுகொண்டே, ஒரு தடவைக்கு இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். பேக்கிங் மேஜையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. டிபன் கேரியர்களுக்கு மட்டும் சுவரோரம் ஒரு பலகை அடித்துக் கொடுத்தார்.

இப்போது அந்த வேன்கள் ரோட்டில் ஓடுகின்றன. ஆவடியிலிருந்து பஸ்ஸில் வரும்போது சிக்னலில் ஒன்று பக்கத்தில் வந்து நின்றால், ஜன்னல் வழியாக நான் அதை வெறித்துப் பார்ப்பேன். ஸ்கூல் பிள்ளைகள் இருப்பார்கள், ஐடி கம்பெனிக்குப் போகிறவர்கள் தூங்கி வழிந்துகொண்டிருப்பார்கள். முன்னால் மண் லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும். உள்ளே இருக்கும் ஒருவருக்கும் என்னைத் தெரியாது, அந்த ஃபில்டர் இருப்பதே தெரியாது. தெரியாவிட்டால் என்ன? இருமாமல் போகிறார்கள். அது நான் போட்ட மடிப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லிவிடலாமா என்று நாக்கு துறுதுறுக்கும். சில நாள் சொல்லியும் இருக்கிறேன்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. அந்தத் தடவை ஃபில்டர்கள் எல்லாம் கவருக்குள், கவர் பெட்டிக்குள், பெட்டி பூட்டிய அறைக்குள். அக்கா தட்டோடு சுற்றி வந்தார். மடிப்பு மெஷின், கட்டிங் மெஷின், பசை கன், கம்ப்ரஸர், எடை மெஷின், மணல் வாளி. நான் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ தேடுவது போல டிராயரைக் குடைந்துகொண்டிருந்தேன். எதையும் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

அக்கா என் முன்னால் நின்றார். என்னை நகரச் சொல்லிவிட்டு, மேஜையின் நான்கு காலுக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார். கம்ப்யூட்டருக்கு ஒன்று. வெர்னியருக்கு ஒன்று. யோசித்துவிட்டு, நாலு பென்சிலுக்கும் தனித்தனியாக. அவருக்குப் பின்னால் முதலாளி தூபக்காலோடு வந்துகொண்டிருந்தார். மேஜைக்கு ஆறடி முன்னாலேயே நின்றுவிட்டார். புகை என் பக்கம் வராமல் இடது கையால் தன் முகத்தை நோக்கியே விசிறிக்கொண்டார். கண்ணில் நீர் வழிய இருமினார்.

"இந்த மேஜைக்குப் பொட்டு மட்டும் போதும்மா," என்றார். திரும்பிப் போனார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னம்மா என்று அக்கா கேட்டார். புகை கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லித் தப்பித்திருப்பேன். ஆனால் புகைதான் என் பக்கம் வரவே இல்லையே.